அக்காவின் நெஞ்சில் விழுந்த மிதி

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. இன்று அவருக்காக விளக்கேற்ற வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, தங்கையாகிய நான் இதுவரை வெளியே பேசாத சிலவற்றையும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அம்மாவும் அப்பாவும் மலைக்கு வேலைக்குப் போனால் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பாடசாலைக்கு அனுப்புவது அவர்தான். பின்னர் தையல் பழகி, கடுகண்ணாவையில் ஒரு தையல் கடையில் சேர்ந்தார். அவர் சிரித்தால் கடையில் மெஷின் சத்தம் கேட்காது என்பார்கள். அவ்வூரில் லொறி ஓட்டிய ஒருவரைத் திருமணம் செய்தார். நான் பக்கத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தபோது அவர்கள் வீட்டில்தான் தங்கினேன்.

சொதியில் உப்புக் கூடியதற்கு அக்காவுக்குக் கணவரின் அறை விழுந்தது. பிறகு பெல்ட். வெயிலிலும் அக்கா நீளக் கைச் சட்டைதான் அணிவார்.

ஒரு ஞாயிறு மாலை, கல்யாணச் சட்டையொன்றைப் பற்றிக் கேட்கத் தையல் கடைக்கார அம்மா அழைத்தார். கணவர் போனைப் பறித்துச் சுவரில் அடித்தார்.

“எவன்கிட்டடி பேசுற?”

“கடைக்கார அம்மாங்க. நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க.”

அவர் தள்ளிய வேகத்தில் அக்காவின் தலை கதவு நிலையில் மோதியது. சீமெந்துத் தரையில் மல்லாந்து விழுந்தவரின் நெஞ்சில் பூட்ஸ் காலால் ஏறி மிதித்தார். மீண்டும் மிதித்தார். நான் கதிரையைத் தூக்கி அவர் முதுகில் அடித்தேன். அதன் கால் முறிந்தது. அவர் திரும்பி என் கழுத்தைப் பிடித்து நெரித்தார். அதற்குமுன் நான் போட்ட அலறல் கேட்டு, பக்கத்துப் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று அழைப்பவர், கதவை உடைத்துக்கொண்டு வந்தார்.

“விடுடா புள்ளைய!” என்று அவரைச் சட்டையோடு இழுத்து முற்றத்தில் எறிந்தவர், தன் வேனிலேயே அக்காவைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கட்டிலருகே வந்து நின்ற அக்காவின் மாமியார், “படியில விழுந்துட்டேன்னு சொல்லு. குடும்ப மானம் போயிரும்” என்றார். அக்காவும் அப்படியே சொன்னார்.

மறுநாள் காலை அவருக்கு மூச்சு முட்டியது. வாயில் இளஞ்சிவப்பு நுரை தள்ளியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா கட்டிலோரம் குனிந்தார்.

“பிள்ளை, இருதயத்துக்குள்ள ஒரு கதவு இருக்கு. அது பின்பக்கம் புரளாமல் நூல் மாதிரி நாண்கள் இழுத்துப் பிடிக்கும். அந்த நாண்கள் உள்சுவரில இருக்கிற சின்னத் தசைத் தூண்களில கட்டுப்பட்டிருக்கு. உமக்கு ஒரு தூண் கிழிஞ்சு, சில நாண்கள் அறுந்திட்டுது. இருதயம் அடிக்கேக்க இரத்தம் முன்னால போகாமல் நுரையீரல் பக்கம் திரும்புது. படியில விழுந்து இப்படி வாறது குறைவு. உண்மையைச் சொன்னாத்தான் நாங்கள் சரியா வைத்தியம் பார்க்கலாம்.”

அக்கா ஒட்சிசன் முகமூடியை விலக்கினார்.

“நான் விழல டொக்டர். எம் புருசன் பூட்ஸ் காலால நெஞ்சில மிதிச்சாரு.”

“அடிப்பாவி!” என்று மாமியார் கத்தினார். டொக்டர் அம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பொலிஸுக்குத் தகவல் சொன்னார்.

கண்டியில் அவசரமாகச் சத்திரசிகிச்சை நடந்தது. கதவைத் தைத்துச் சரிசெய்ய முடியாததால் செயற்கைக் கதவு பொருத்தினார்கள். ஆனால் அறுபடாத நாண்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள். ஏன் என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேன்.

“அதுகள் கதவை மட்டும் பிடிக்கிறேல்ல. இருதயச் சுவரையும் இழுத்துச் சுருங்க வைக்குது. எல்லாத்தையும் வெட்டினா, கதவு நல்லா இருந்தாலும் இரத்தத்தைத் தள்ளுற பலம் குறைஞ்சிடும்.”

அந்தப் பலத்தோடு அக்கா நீதிமன்றம் ஏறினார். வழுக்கித்தானே விழுந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். “வழுக்கி விழுந்தா நெஞ்சில பூட்ஸ் அச்சு விழுமாங்க ஐயா?” என்றார் அக்கா. கணவர் சிறை சென்றார்.

பின்பு வந்த ஆண்டுகளில் அக்கா எங்கள் வீட்டு முன்னறையிலேயே தைத்தார். சிரிப்பும் வந்தது, மூச்சு வாங்க வாங்க. ஆனால் தூண் கிழிந்த இடத்துச் சுவர் சரியாகச் சுருங்கவில்லை. இருதயம் மெல்ல மெல்ல வீங்கியது. கடைசி மழைக்காலத்தில் கால்கள் வீங்கி, கதிரையில் சாய்ந்தபடியே உறங்கினார். ஒரு காலையில், “ஜன்னலத் தொற தங்கச்சி” என்றார். திறந்துவிட்டுத் திரும்பினேன். அக்கா போய்விட்டிருந்தார்.

மரண வீட்டுக்கு, சிறையிலிருந்து விடுதலையாகியிருந்த கணவர் கொள்ளி வைக்க வந்தார். “என்ன இருந்தாலும் புருசன்தானே” என்று சில பெரியவர்கள் வழிவிட்டார்கள். அம்மா எழுந்துபோய் இரண்டு கைகளாலும் அவர் நெஞ்சில் ஓங்கித் தள்ளினார்.

“எம் மக மேல இன்னொரு தடவ ஒங் கை படக்கூடாது!”

அவர் விழுந்தெழுந்து போனார். அப்பாவே கொள்ளி வைத்தார்.

கதவை உடைத்த நானாவுக்கும், உண்மையைக் கேட்ட டொக்டர் அம்மாவுக்கும், அக்காவின் உயிரை மீட்டுத் தந்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தையல் கடைக்கார அம்மாவுக்கும், துயரில் தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலரில் ‘இதய நோயால் காலமானார்’ என்று அச்சிடும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். அக்காவுக்கு இதய நோய் எதுவும் இருந்ததில்லை.