இரண்டு கட்டு வீடும் ஒரு கக்கூசும்

எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் நடந்துகொள்வார்கள். முதலில் வாசற்கதவைத் தடவுவார்கள். பிறகு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "இந்த மாதிரி வீட்டுல இருக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். காபி குடித்து முடித்ததும் வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, ரெஸ்ட் ரூம் எங்க?" என்று கேட்பாள். நான் கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்றையும் தென்னைகளையும் தாண்டி மதிலோரத்தில் இருக்கும் ஓட்டுக் கொட்டகையைக் காட்டுவேன். மழை நாளாக இருந்தால் குடையும் கொடுப்பேன். திரும்பி வரும்போது கொடுத்து வைத்ததைப் பற்றி அவள் எதுவும் பேசமாட்டாள்.

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பாதையில் இறங்கி உள்ளே வரவேண்டும். இரண்டு கட்டு வீடு. என் மாமனாரின் அப்பா கட்டியது. இரண்டடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், ஜன்னலுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. நான் பள்ளிக்கூடத்திலும் என் கணவர் பேங்க்கிலும் வேலை பார்த்த காலமெல்லாம் டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். பொங்கலுக்கு மட்டும் இங்கே வருவோம். அவர் ரிடையர் ஆன அன்று, "இனிமே நம்ம வூட்டுல போயி ராஜா மாதிரி இருக்கலாம்" என்றார். ராஜா சரி. ராணிக்கு முழங்கால் தேய்மானம், சர்க்கரை வேறு.

வந்த நாளிலிருந்து அவர் வீட்டைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். சுவரில் இருந்த டிஸ்டம்பரைச் சுரண்டி, அடியில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சாந்தின் வழுவழுப்பைக் கண்டுபிடித்து, அன்று முழுவதும் கன்னத்தை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண்களுக்கு எண்ணெய் தேய்த்தார். முற்றத்து உருளியில் தினமும் பூ மாற்றினார். என் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்ததாக ஞாபகம் இல்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் படுக்கை அறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருக்கிறது. நடுச்சுவரில் ஒரு வழி விட்டு, அதைக் குளியலறையாக்கி, நாற்காலியில் போல உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி ஒரு கக்கூஸ் கோப்பை வைக்க வேண்டும். அவ்வளவுதான். "இந்தச் சொவத்துல கை வச்சா வூடே போச்சு" என்றார். குலதெய்வத்துக்கு விளக்கேற்றுகிற கூரைக்குக் கீழே கக்கூஸ் கட்டுகிற வழக்கம் தங்கள் குடும்பத்திலேயே கிடையாது என்றார். அவருடைய அப்பா கடைசிவரை செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாராம். அதை ஒரு பெருமையாகவே சொன்னார். ஒரு ஐப்பசி மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து நான் காலில் கட்டுப் போட்டுக்கொண்டபோது, அவர் உண்மையாகவே பதறிப்போனார். ஆசாரியை வரவழைத்து, கொல்லைப் படியோரம் பிடித்துக்கொண்டு இறங்க ஒரு கைப்பிடி வைத்தார். முன்கட்டுத் தூண்களுக்குப் பொருத்தமாகக் கடைசல் பிடித்த தேக்குக் கைப்பிடி. வந்தவர்கள் அதையும் போட்டோ எடுத்தார்கள்.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். நான் பிறந்ததே பீங்கான் குடும்பத்தில். என் அண்ணன் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் கக்கூஸ் கோப்பை செய்கிற சூளை வைத்திருக்கிறான். எங்கள் பக்கத்தில் பீங்கான் வேலைக்காரர் வீட்டில் நல்ல சாமானைப் பார்க்க முடியாது. சூளையில் கோணிப்போனது, மெருகில் புள்ளி விழுந்தது, எல்லாம் செகண்ட்ஸ் என்று வீட்டுக்கு வரும். நல்லது லாரி ஏறிவிடும். நான் சின்ன வயதில் காபி குடித்த கப் எதுவும் தரையில் ஆடாமல் நின்றதில்லை. அப்படிப்பட்ட அண்ணன், நாங்கள் இங்கே குடிவந்தபோது, ஒரு குறையும் இல்லாத ஃபர்ஸ்ட் குவாலிட்டி கோப்பை ஒன்றை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். "ஒனக்குன்னு எடுத்து வச்சேன்டி. முட்டி வலிக்குதுன்னு சொன்னியே" என்றான். என் கணவர் அதைக் கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினார். மாடுதான் கிடையாதே. கோழி ஒன்று அந்த வைக்கோலில் அடைகாத்தது. அண்ணன் வரும்போதெல்லாம் நான் அவனைக் கொல்லைப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வேன். வெட்கமாக இருக்கும்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வீடுகளை வாடகைக்கு எடுத்து, வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிற தொழில் செய்கிறவர். சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பிரமாதம் சார். ஆனா ரூமுக்கு ஒரு அட்டாச்டு பாத்ரூம் இல்லாம யாரும் வரமாட்டாங்க" என்றார்.

"அதுக்கென்ன சார், இடிச்சிட்டாப் போச்சு" என்றார் என் கணவர்.

நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரமே கொத்தனார் வந்துவிட்டார். முன்கட்டில் விருந்தாளிகளுக்கு என்று ஒதுக்கிய இரண்டு அறைகளிலும் சுவர் உடைந்தது. பின்பக்கம் பெரிதாகத் தொட்டி கட்டினார்கள். சென்னை ஷோரூமிலிருந்து கோப்பைகள் வந்தன. குலதெய்வம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் என் கணவர் அந்தத் தொழில்காரரைப் பார்த்து, ஒரு வாரம் தங்கிவரச் சென்னைக்குப் பஸ் ஏறினார். பஸ் போன சத்தம் அடங்கியதும் நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"எங்க ரூமுலயும் ஒண்ணு வச்சிடுங்க. பக்கத்துச் சாமான் ரூமுக்குள்ளதான்."

"ஐயாகிட்டக் கேட்டுட்டீங்களாம்மா?"

"நான் சொல்றேன் இல்ல."

அவர் மாட்டுக் கொட்டகையில் கோழியை விரட்டி, அண்ணன் கொடுத்த கோப்பையைக் கழுவி வெயிலில் வைத்தார். இத்தனை காலத்துக்குப் பிறகும் பளீரென்று இருந்தது. எனக்கு அண்ணன் முகம் ஞாபகம் வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாமான் அறையில் கணவர் பளபளப்பாகத் துலக்கி அடுக்கியிருந்த அண்டாக்களை நானே ஒவ்வொன்றாக நகர்த்தினேன். வேலை முடிந்ததும் கொத்தனார், "சிமெண்டு நல்லா எறுகட்டும்மா. ரெண்டு நாளு பொழங்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே என் கணவர் திரும்பி வந்து, அறுத்த சுவரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னை ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா ஒனக்கு?"

"ஒங்களைக் கேட்டுக் கேட்டுத்தாங்க இவ்ளோ நாளு கொல்லைக்கு நடந்தேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூண் பக்கம் போய்விட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முன்கட்டுக் குளியலறைகளை அவர் விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருந்தார். நான் சிமெண்டு இறுகுவதற்குக் காத்திருந்தேன்.

கொத்தனார் சொன்ன கெடு முடிந்த காலையில் எழுந்து, கட்டிலைப் பிடித்து நிமிர்ந்து, மெதுவாக அந்தப் புதுக் கதவுக்குப் போனேன். பக்கத்தில் அவர் படுக்கை காலியாக இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை. தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது. பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"என்னங்க."

"இதோ வரேன்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா சௌகரியமாத்தான் இருக்குது. இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்றார்.

கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். உள்ளே இன்னொரு பக்கம் புரண்டது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து, தேக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கி நடந்தேன்.