புதன்கிழமைப் பயிற்சித் தாள்கள்

பேண்ட் வாத்தியம் பழக்குகிறவளின் காதுக்கு ஒரு பிள்ளையின் வாசிப்பு கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் எட்டும். மிச்ச ஆறு நாளும் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு தாள்தான் சாட்சி. பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் பதினாலு பேருக்கு, பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் புதன்தோறும் பேண்ட் பழக்கினேன். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடம், நடுத்தரத்துக்கு அரை மணி, தேறியவர்களுக்கு முக்கால் மணி. கிழமைக்கு ஐந்து நாள். தாளில் நிமிடங்களை எழுதி, வீட்டில் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும்.

கணக்குச் சரி

தாரணிக்கு ஒன்பது வயது. ஃப்ளூட். தாள் எப்போதும் ஒழுங்காக நிரம்பி வரும், ஆனால் ஊதினால் காற்றுத்தான் வரும். இரண்டு மாதமாக இதே கதை. ஒருநாள் தாயைக் கேட்டேன். மட்டக்களப்புக்காரி, மகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் தானே படிப்பிக்கிறவர். ஒளிக்காமல் சொன்னார்: "மற்ற நாளில நேரமில்ல டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியா எழுபத்தஞ்சு நிமிஷம் ஊத விடுறன். பதினைஞ்சை அஞ்சால பெருக்கினா கணக்குச் சரிதானே?"

புதிதாக ஊதுகிற பிள்ளைக்குக் கால் மணித்தியாலத்திலேயே உதடு களைத்துப்போகும், அதற்குப் பிறகு ஊதுவதெல்லாம் பிழையாக ஊதப் பழகுவதுதான் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. தாரணி என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். அன்றைக்கு மட்டும் தாய்க்கு நன்றாக விளங்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டாள்: "அப்ப அம்மா, கிழமைச் சோறு எல்லாத்தையும் ஞாயிற்றுக்கிழமையே சாப்பிடுவமா?"

பின்னாலிருந்து முன்னுக்கு

மாக்சிம் கிளாரினெட் வாசிப்பான், நடுத்தரம். எந்தப் பாடத்தையும் முதல் வரியிலிருந்து தொடங்குவான். மூன்றாவது வரியில் தடுக்கும். திரும்பவும் முதல் வரிக்குப் போவான். அரை மணியும் இப்படியே போகும். முதல் இரண்டு வரியையும் அவனைப்போல வாசிக்க ஆள் இல்லை. மிச்சத்தை அவன் கண்டதே இல்லை.

தாளை மாற்றி எழுதினேன். வியாழன் கடைசி வரி மட்டும். வெள்ளி அதற்கு முந்திய வரியிலிருந்து முடிவு வரை. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு. இது வேலை செய்யுமா என்று எனக்கே தெரியாது, பார்ப்போம் என்றுதான் எழுதினேன். அடுத்த புதன் தடங்கலில்லாமல் முழுவதையும் வாசித்தான். கூட்டிப்போக வந்த தகப்பன், தச்சுவேலை செய்கிறவர், என் கையைப் பிடித்துக் குலுக்கிப் பிரெஞ்சில் சொன்னார்: "மடாம், இந்தப் பாட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது."

ஊதாமல் ஊதியவன்

நிரோசனுக்குப் பதினாறு. சாக்ஸபோன். தேறியவர்களில் முதல் ஆள், பல்கலைக்கழகத்துக்கு முந்திய செஜெப் கல்லூரியின் இசைப் பிரிவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தான். அவனுடைய வாசிப்பு எனக்குப் பெரிய புதிராக இருந்தது. விரல்கள் மின்னலாக ஓடும், ஆனால் சத்தம் புதிதாகத் தொடங்கியவனுடையதைப்போல மெலிந்திருக்கும். தாளிலோ ஒவ்வொரு நாளும் முக்கால் மணி. பொய் எழுதுகிறாயா என்று கேட்டேவிட்டேன்.

"ஊதேல்லை மிஸ். ஆனா பொய்யும் எழுதேல்லை" என்றான். தகப்பனுக்கு டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் இரவு வேலை, பகலில் தூங்குவார். அவர் எழும்பிய பிறகு ஊதலாமென்றால் கீழ்வீட்டில் கைக்குழந்தை. அதனால் வாத்தியத்தை வாயில் வைத்து, மூச்சை விடாமல், விரலை மட்டும் ஓட்டிப் பழகியிருக்கிறான். செய்துகாட்டச் சொன்னேன். துளைகளின் மூடிகள் டக் டக்கென்று விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த டக்டக்கிலேயே அவன் பாட்டில் எந்த இடத்தில் நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எல்லாருடைய தாளிலும் ஐந்து நிமிடம் 'சத்தமில்லாப் பயிற்சி' சேர்ந்தது. அவனை மட்டும் புதன்களில் ஒரு மணித்தியாலம் முன்னதாக வரச்சொல்லி, நீண்ட சுரங்களை மட்டும் ஊதவைத்தேன். மூன்று மாதம்.

தேர்வன்று தகப்பன் வேலை முடிந்து, சமையலறையில் காலில் போடும் சப்பாத்தோடு நேரே வந்துவிட்டார். மூடிய கதவுக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். உள்ளே மகன் ஊதத் தொடங்கியதும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவனுக்கு இடம் கிடைத்தது, அது பிறகு கடிதத்தில் வந்த செய்தி. அன்றைக்குக் கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது தகப்பன் கேட்டது இதைத்தான்: "இவ்வளவு நாளும் இதை எங்கயடா தம்பி வைச்சிருந்தனி?"

என்னுடைய தாள்

மேளம் பழகவந்த சோஃபிக்கு ஏழு வயது. தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்த என்னிடம், என்னுடைய தாள் எங்கே, அதில் யார் கையெழுத்து வைக்கிறது என்று கேட்டாள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதைத் தவிர, எனக்கென்று நான் கிளாரினெட்டைத் தொட்டு வருடக்கணக்காகியிருந்தது.

அன்றைக்கே எனக்கும் ஒரு தாள் எழுதினேன். நாளுக்கு இருபது நிமிடம். வியாழன் வாசித்தேன், பிள்ளைகளைப் பன்னிரண்டு எண்ணும்வரை பிடிக்கச் சொல்லும் சுரம் எனக்கு எட்டிலேயே நடுங்கியது. வெள்ளி விருந்தினர். சனி வாசலில் பனி வழிக்கும் வேலை. ஞாயிறு, திங்களுக்குக் காரணமே இல்லை. செவ்வாய் பின்னேரம், ஐந்து நாளுக்கும் இருபதென்று நான் நிரப்பிய தாளைக் கையெழுத்துக்குக் கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆற அமர வாசித்தார். "வியாழனுக்கு மட்டும் வைக்கிறன். மற்ற நாளுக்கு நீர் உம்மட அம்மாவிட்டை கடிதம் வாங்கிக்கொண்டு வாரும்."

எத்தனையோ வருடம் எத்தனையோ அட்டவணை போட்டேன். அவற்றில் ஒன்றாவது எழுதியபடி நடந்திருந்தால், இந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும்.