மொரிஸ் மைனரும் ஸ்டாண்ட் காரும்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வவுனியா பஸ் நிலையத்தில் நின்றவர்கள்: மாமி. மாமியின் மகள் யோகம், என் மனைவி. நான். மாமியின் இடுப்பில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் பயத்தம் பணியாரம்.

பணியாரம் மாமியின் மகன் ராசாவுக்கு. ராசாவுக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம். கராச்சியிலிருந்து ஒரு கடிதம் போட்டிருந்தான். கப்பல் தேயிலை ஏற்றத் திருகோணமலைக்கு வருகிறது. சனிக்கிழமை பகல் கரைக்கு விடுவார்கள். ஐந்து மணிக்குத் திரும்ப ஏற வேண்டும். வாருங்கள், நான் தேடிப் பிடிக்கிறேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. எந்த இடம் என்று இல்லை. கப்பலின் பெயர் இல்லை. பதில் போட விலாசமும் இல்லை.

நான் நெல் ஆலையில் லொறி ஓட்டுகிறவன். மூன்று நாள் லீவு கேட்டேன், தந்தார்கள். போகிறதுதான் போகிறோம், கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறும் பார்ப்போம் என்று யோகம் சொன்னாள். அப்படித்தான் இது உல்லாசப் பயணம் ஆனது.

பஸ் கூலி ஆளுக்கு இரண்டு ரூபா எண்பது சதம். அறுபது மைல். ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். மாமி இறங்கவில்லை. தகரத்தை வைத்துவிட்டு இறங்க ஏலாது, தூக்கிக்கொண்டு இறங்கவும் ஏலாது என்றார்.

பத்து மணிக்குத் திருகோணமலை. டொக்யாட் வீதிக்குப் பக்கத்தில் ஒரு தங்குமடம். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு கதிரை. நாளுக்கு ஆறு ரூபா. மடத்துக்காரரிடம் கேட்டேன், கப்பல்காரர் எங்கே இறங்குவார்கள் என்று.

"உட்துறைமுக வீதி ஜெட்டியில இறங்குவினம். சில நேரம் சீனன்குடாவில இறங்குவினம்."

"தேயிலைக் கப்பல்?"

"அது கப்பலைப் பொறுத்தது."

இரண்டுக்கும் நடுவில் ஆறேழு மைல். ஆகவே கார் வேண்டும். டாக்சியா, நாள் வாடகைக்குக் காரா? அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

பின்னேரம் டாக்சி ஸ்டாண்டுக்குப் போனேன். எட்டுக் கார் வரிசையாக நின்றன. சாரதிமார் பக்கத்து மதகில் குந்தியிருந்தார்கள். ஒரு கார் திரும்பி வந்தது. அதன் சாரதி இறங்க முதலே யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

"பெரியாஸ்பத்திரி, ரெண்டு பேர்! கிழவர் உள்ளுக்குப் போயிட்டார்!"

அடுத்த கார் வந்தது. "மீன் சந்தை, ஒரு மனுசி, ரெண்டு கூடை!"

மதகில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு விளங்கவில்லை.

"என்ன நானா, ஏலம் போடுறாங்களோ?" என்று வரிசையில் முன்னுக்கு நின்ற காரின் சாரதியைக் கேட்டேன். பெயர் மஜீது. கிண்ணியாக்காரர். ஐம்பது வயது இருக்கும்.

"ஏலமில்ல தம்பி. ஆரை எங்க இறக்கின எண்டு தெரிஞ்சாத்தானே திரும்ப ஏத்தப் போகலாம். பின்னால தேடி வாறவங்களுக்கும் சொல்லலாம். எங்கட காரில ஏறினா, நீங்க எங்க நிக்கிறீங்க எண்டு இந்த மதகுக்குத் தெரியும்."

யாவாரக் கதை என்று நினைத்தேன். விலை கேட்டேன். மைலுக்கு எழுபத்தைந்து சதம். காத்து நின்றால் மணிக்கு ஒரு ரூபா. ராசாவின் கதையைச் சொல்லவில்லை. ஊரையும் சொல்லவில்லை. அவசரம் தெரிந்தால் விலை ஏறும் என்று நினைத்தேன்.

அங்கிருந்து, இளைப்பாறிப் பென்ஷன் எடுக்கிற கிளாக்கர் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். இருபத்தைந்து ரூபா, பெற்றோல் நம்முடையது. லொறி ஓட்டுகிறவன் இன்னொருவனுக்குக் காசு கொடுத்துப் பின்னால் குந்தியிருப்பதா? அது ஒரு பக்கம். நாள் முழுக்க ஓடினால் டாக்சிக்கு எவ்வளவு வரும் என்று ஒரு கணக்கும் போட்டேன். ஒரு தரம் டாக்சி மலிவாக வந்தது. மற்றத் தரம் மொரிஸ் மலிவாக வந்தது. மூன்றாம் தரம் போடவில்லை. மொரிஸை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கார் வந்தது. இடப்பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. இடப்பக்கம் திருப்பினால் மட்டும் ஹோர்ன் அடித்தது.

"இது காரோ, கோழிக்கூடோ?" என்றார் மாமி.

"ஏறுங்கோ மாமி."

"ஏறத்தான் போறன். முட்டையிடச் சொல்லாதேங்கோ."

எட்டு மணிக்கு உட்துறைமுக வீதி ஜெட்டியில் நின்றோம். தூரத்தில் நான்கு கப்பல். மாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலே என் பிள்ளை என்று என்னைக் கேட்டார். ஜெட்டிக் காவல்காரரும் அறியார். இரண்டு லோஞ்ச் படகு வந்தது. ஒன்றில் மரக்கறிக் கூடைகள். மற்றதில் வெள்ளைக்காரர் மூவர். பதினொரு மணி மட்டும் நின்றோம். பிறகு காவல்காரர் வந்து, தேயிலைக் கப்பல் ஆட்கள் இன்றைக்குச் சீனன்குடாப் பக்கம்தான் இறங்கினார்களாம் என்றார்.

புறப்பட்டேன். வவுனியாவில் தண்ணீர் என்றால் குளம். குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியும். இங்கே கடலை வலப்பக்கம் வைத்து ஓட்டினேன். அரை மைலில் கடல் இடப்பக்கம் வந்தது. நான் திரும்பவில்லை. ஒரே புகையிலைக் கடையை மூன்று தரம் கண்டோம். மூன்றாம் தரம் கடைக்காரர் எங்களுக்குக் கை காட்டினார். சைக்கிளில் வந்த ஒருவரை மறித்தேன்.

"சீனன்குடாவுக்கு எப்படி ஐயா?"

"கடலை விட்டிட்டு நேரை போங்கோ."

"எந்தக் கடலை?"

அவர் சைக்கிளால் இறங்கினார். "நீங்கள் எந்த ஊர்?"

"வவுனியா."

"அப்ப சரி" என்று சொல்லி, கூடவே ஒரு மைல் வந்து வழி காட்டிவிட்டார்.

பன்னிரண்டரைக்குச் சீனன்குடா. துறைமுக வாசலில் நின்றவர் சொன்னார், காலை ஒன்பதுக்கே இறங்கிவிட்டார்கள். எங்கள் தமிழ் பேசிய ஒருவர், வெள்ளைக் களிசான் போட்டவர், டாக்சி பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்.

"அவன் களிசான் போடமாட்டான்" என்றார் மாமி.

"ஏழு வருஷம் அம்மா" என்றாள் யோகம்.

திரும்பி வந்தோம். சாப்பிடவில்லை. அம்மா கோயிலுக்குத்தான் போயிருப்பா என்று அவன் நினைப்பான், ஆகவே கோயிலுக்குப் போவோம் என்று யோகம் சொன்னாள். சரி என்று, கோயில் இருக்கிற கோட்டைக்குள் காரை விட்டேன். ஏற்றத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மான்கள் வந்தன. ஐந்தாறு. நிறுத்தினேன். மேலேயிருந்து வந்த ஒரு டாக்சியும் நின்றது. இரண்டு காரும் பக்கம் பக்கமாக மான் போகும் மட்டும் நின்றன. டாக்சியின் பின் சீற்றில் தடித்த ஒருவர், மீசையும் கறுப்புக் கண்ணாடியும். மாமி அவரைப் பார்த்தார்.

"ஆரோ துரை" என்றார்.

மான் போனது. டாக்சி கீழே போனது. நாங்கள் மேலே போனோம்.

கோயில் வாசலில் பூ விற்ற பெண்ணிடம் யோகம் கேட்டாள். அவள் சொன்னாள், "ஓம், இப்ப ஒருத்தர் வந்து போறார். வவுனியாவில இருந்து ஒரு அம்மாவும் மகளும் மருமகனும் டாக்சியில வந்தவையோ எண்டு கேட்டவர். டாக்சியில அப்பிடி ஒருத்தரும் வரேல்லை எண்டு சொன்னனான். கறுப்புக் கண்ணாடி போட்டவர்."

மாமி உள்ளே போகவில்லை. கோயிலைப் பார்த்து நின்ற இடத்திலேயே கும்பிட்டார். பிறகு போய்க் காரில் ஏறினார். கயிற்றைத் தானே கட்டினார்.

அதற்குப் பிறகு மூன்று மணியிலிருந்து ஓடினதைச் சரியாகச் சொல்ல ஏலாது. சந்தையடி, தபாற்கந்தோரடி, கடற்கரை. டாக்சி கண்ட இடமெல்லாம் எட்டிப் பார்த்தோம். அவன் எங்களைத் தேடுகிறான், நாங்கள் அவனைத் தேடுகிறோம், இரண்டு பேரும் ஓடுகிறோம். நின்றால் அவன் வருவானோ, ஓடினால் பிடிப்போமோ, தெரியவில்லை. நான் நிற்போம் என்றேன். யோகம் ஓடுவோம் என்றாள். பிறகு அவள் நிற்போம் என்றாள், நான் ஓடினேன்.

நாலரைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இறங்கின இடத்தில்தானே ஏறுவான். சீனன்குடாவுக்குப் போவோம்.

போகிற வழியில், டாக்சி ஸ்டாண்டுக்கு நேரே, மொரிஸ் சூடேறி நின்றுவிட்டது. நடு ரோட்டில். மதகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மஜீது எழும்பி வந்தார்.

"என்ன தம்பி, கிளாக்கர்ட காரோ? அது பின்னேரத்தில நித்திரைக்குப் போயிரும். இறங்குங்க, தள்ளுவம். எங்க இவ்வளவு அவசரம்?"

நான் சொல்ல வாய் எடுக்க முதல் மாமி காருக்குள் இருந்து சொன்னார்.

"என்ர பிள்ளை தம்பி. கப்பலில வந்து நிக்குது. ஏழு வருஷம். காலமை தொடக்கம் தேடுறம். வவுனியாவில இருந்து வந்தனாங்கள்."

மஜீது தள்ளுவதை விட்டுவிட்டார்.

"வவுனியாவோ? யா அல்லா. நேத்து ஏன் தம்பி சொல்லல்ல? அந்த மனுசன் காலம தொடக்கம் நாலு கார் மாறித் தேடுறார். மூணு தரம் இங்க வந்து கேட்டவர், வவுனியா ஆக்களை ஏத்தினீங்களா எண்டு. இருந்த அவ்வளவு பேரையும் விசாரிச்சம். எங்கட கார் ஒண்டும் ஏத்தல்ல எண்டு சொன்னம். அப்ப அவங்க வரல்ல எண்டு சொல்லிட்டுப் போறார்."

"எங்க போறார்?"

"இப்பதான் ஏறினவர். கார் திரும்பி வரட்டும்."

எட்டோ பத்தோ நிமிஷம் நின்றோம். அது நீண்டது. கார் வந்தது. சாரதி தலையை நீட்டினார்.

"உட்துறைமுக வீதி ஜெட்டி! வெள்ளைக் களிசான், ஒருத்தர்! அஞ்சு மணி லோஞ்சுக்கு நிக்கிறார்!"

சீனன்குடாவில் இறங்கி ஜெட்டியில் ஏறுகிறார்கள். ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மொரிஸின் திறப்பை மதகில் இருந்த ஒருவரின் கையில் கொடுத்தேன். மஜீதின் காரில் ஏறினோம். நான் பின்னால் குந்தியிருந்தேன். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. எந்தச் சந்தியிலும் யோசிக்கவில்லை.

அவன் ஜெட்டியில் நின்றான். தடித்த ஆள். கண்ணாடி கையில். மாமி காரால் இறங்கி யோகத்திடம் நேரம் கேட்டார். யோகம் மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னாள். பிறகுதான் மாமி நடந்தார்.

"அம்மா" என்றான்.

"மீசை வைச்சிருக்கிறாய்" என்றார் மாமி.

"மானடியில நிண்ட கார்..." என்று யோகம் தொடங்கினாள். கயிறு கட்டின அந்தக் காரில் நாங்கள்தான் இருந்தோம் என்றாள். அவன் தலையில் கை வைத்தான். "தனியார் கார் எண்டு நான் உள்ளுக்குப் பாக்கேல்லை அக்கா. வெளியூர் ஆக்கள் டாக்சியிலதானே வருவினம் எண்டு நான் டாக்சியைத்தானே தேடினனான்."

"நான் பாத்தனான்" என்றார் மாமி. "பாத்திட்டும் விட்டிட்டன்."

தகரத்தின் மூடி இறுகியிருந்தது. மாமி நகத்தால் கிளப்பினார், வரவில்லை. ராசா கிளப்பினான், வரவில்லை. மஜீது கார்த் திறப்பால் கிளப்பிக் கொடுத்தார். பணியாரம் உடைந்திருந்தது. மாமி உடையாததைத் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார். அவன் நின்றபடியே தின்றான். வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கலியாணம் முடித்தது அவன் போன பிறகு, கடிதத்தில்தான் அறிந்திருந்தான். அன்றுதான் என்னைக் கண்டான்.

"அத்தான், நீங்கள்தானே கார் ஓட்டினது?"

"ஓம்."

"நல்லா ஓட்டுறீங்கள்" என்றான். பகிடியா, உண்மையா, தெரியவில்லை.

ஒரு பணியாரம் மஜீதுக்கும் கொடுத்தான். லோஞ்ச் கூப்பிட்டது. தகரத்தோடு ஏறினான். லோஞ்ச் திரும்பின பிறகு மாமி யோகத்திடம் மறுபடி நேரம் கேட்டார்.

மஜீது திரும்ப ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். ஒரு ரூபா ஐம்பது சதம் என்றார். கொடுத்தேன். வாங்கினார். இறங்க முதல் யன்னலால் தலையை நீட்டி, "ஜெட்டி, மூணு பேர், கண்டாச்சு!" என்று கத்தினார். மதகில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியாவுக்கு மஜீதின் காரில் போனோம். ஐந்து மைல். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மாமி முதல் கிணற்றில் மட்டும் அள்ளி வார்த்தார். மற்றவற்றை எட்டிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகளுக்கு என்ன வித்தியாசம் என்றார். இரண்டரை பஸ்ஸில் திரும்பினோம்.

இப்போது ஆலையில் கேட்கிறார்கள். திருகோணமலைக்குப் போனால் வாடகைக் கார் எடுக்கிறதோ, டாக்சியோ என்று. வாடகைக் காரில் நினைத்த இடத்துக்குப் போகலாம். போன இடம் யாருக்கும் தெரியாது. டாக்சியில் போன இடம் ஊருக்கே தெரியும். மொரிஸ் அந்த இடத்தில் நின்றிராவிட்டால் நான் சீனன்குடாவுக்குப் போயிருப்பேன். அப்படிப் பார்த்தால் மொரிஸ்தான் நல்லது. எடுக்காமலே விட்டிருந்தால் பகல் முழுக்க அவனோடு இருந்திருப்போம். அப்படிப் பார்த்தால் டாக்சி. யோசிக்க யோசிக்க அந்தப் புகையிலைக் கடைக்கே வருகிறேன். யோகத்தைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். யோகம் மாமியைக் காட்டுவாள்.

மாமி காரைப் பற்றிச் சொல்லமாட்டார். கோயில், கடல், மான், ஒன்றைப் பற்றியும் சொல்லமாட்டார். பிள்ளையை எவ்வளவு நேரம் கண்டனீங்கள் என்று கேட்டால் மட்டும் உடனே சொல்லுவார்.

பதினொரு நிமிஷம்.