ஃபயர்வால் கேட்டால் யார் பதில் சொல்வது?

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கும் தொழிலில், கெட்டுப்போன பெட்டியைச் சரிசெய்வது சுலபம். நன்றாக இருக்கும் பெட்டிக்குக் காவல் போட்டுக் கொடுத்தால்தான் நம் உயிர் போகும். உங்களுக்கும் இப்படி ஒரு வீடு வாய்த்திருக்கும். எனக்கு வாய்த்தது எலெக்ட்ரானிக் சிட்டியில், ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் அனந்தன் சார் வீடு. முதல் நாளே என்னை, சாமான் ஏற்றும் சர்வீஸ் லிஃப்டில் வரச் சொன்னவர். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கேட்டில் யாரு?

அவர் மனைவி கல்யாணி அம்மா கன்னட டீச்சராக இருந்தவர். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கன்னடம் பேசச் சொல்லித்தர ஆசை. ஞாயிற்றுக்கிழமை முதல் வகுப்பு. "இது சொதப்பினா இவர் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாருங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரை வகுப்புக்குத் தயார் செய்து, கூடவே ஃபயர்வாலும் போட்டேன். "இது வாட்ச்மேன் மாதிரி சார். எந்த புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போனாலும் அனுமதியா, தடையான்னு உங்களைக் கேட்கும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

அந்த அபார்ட்மென்டில் யார் வந்தாலும் கேட்டிலிருந்து வீட்டுக்குக் கேட்டுத்தான் விடுவார்கள். மறுநாள் திரையில் 'அப்டேட்டர் அனுமதி கேட்கிறது' என்று வந்ததும், சார் நேராக கேட்டுக்குப் போன் போட்டு, "அப்டேட்டராமே, எவன்யா அவன்?" என்று சத்தம் போட்டிருக்கிறார். செக்யூரிட்டி மஞ்சு நிதானமாகக் கேட்டானாம்: "அந்தப் பேர்ல யாரும் வரல சார். டெலிவரியா, கெஸ்ட்டா?"

ஒரே தடை

அடுத்த போன் எனக்கு: "உன் ஃபயர்வால் நெட்டையே முழுங்கிடுச்சு." போய்ப் பார்த்தால் பிரவுசருக்குத் தடை, பிரிண்டருக்குத் தடை. கேட்டதையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார். "நீங்களே இப்பத் திறந்த புரோகிராம் கேட்டா விடுங்க சார். சும்மா இருக்கும்போது தெரியாத பேர் கேட்டா மட்டும் நிறுத்துங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். சார் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கையெழுத்து சேராத செக்கை நான் பாஸ் பண்ணினதே இல்லய்யா!"

ஒரே அனுமதி

அம்மா அதற்கு நேர் எதிர். சார் வாக்கிங் போன நேரத்தில் வந்த கேள்விக்கெல்லாம் 'அனுமதி'. எதையோ டவுன்லோடு செய்தபோது கூடவே தொற்றிக்கொண்டு வந்த கூப்பன் புரோகிராமும் அதில் புகுந்து, திரை முழுக்கச் சேலை விளம்பரம். அதைப் பிடுங்கி எறிய எனக்கு ஒரு மத்தியானம் போனது. "ஏம்மா விட்டீங்க?" என்றேன். "மூணு வாட்டி வந்து நிக்குது. மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை

வகுப்பு தொடங்கும் நேரம் அம்மாவிடமிருந்து போன். வகுப்பு புரோகிராமைத் திறந்ததும் ஃபயர்வால் கேட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் 'தடை' அழுத்தி, 'எப்போதும் இப்படியே' என்பதிலும் டிக் போட்டுவிட்டார். இனி அது கேட்கவே கேட்காது. பிள்ளைகள் அந்தப் பக்கம் காத்திருக்கிறார்கள். 

"செட்டிங்ஸ்ல புரோகிராம் லிஸ்ட் இருக்கும், தடையை அனுமதின்னு மாத்துங்க" என்றேன். அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும்; அது சாரிடம். "எவன் எவனோ வருவான், யார் பொறுப்பு?" என்கிறார். அம்மா வெடித்தார்: "கூப்பிட்டது நான். நீங்க கதவைத் திறந்தா போதும்!" சார் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். புரோகிராம் உடனே இணைந்துவிட்டது, மைக்கும் திறந்தபடியே. அது தெரியாமல் சார் தொடர்ந்தார்: "எல்லாம் அந்த அரைகுறை மெக்கானிக் பண்ணின வேலை. அவன் மூஞ்சியும் அவன் ஃபயர்வாலும்!"

 அப்போது கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பெண் குரல், என் போனிலும் தெளிவாகக் கேட்டது: "மேடம், இப்ப சார் சொன்னதைக் கன்னடத்துல எப்படிச் சொல்லணும்?"

என்னைத் திட்டி முதல் பாடம் படித்த பிள்ளைகள் இன்றுவரை ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறார்களாம் என்பதால், அந்த ஃபயர்வாலை நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.