வழியில் திறந்த பொதி

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பாடசாலைக்குக் கிடைத்த பழைய தொலைநோக்கிக்கு ஒரு கமெரா வடிவமைத்தேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில், செந்நிறக் கேட்டை நட்சத்திரத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஒளியைப் பதியும் பிலிம் நம் ஊர் வெக்கையில் கெட்டுவிடும். அதனால் கமெராவையே பலகைப் பெட்டிக்குள் பிலிமுக்கான தகரப் பெட்டி வைத்துச் செய்து, இடைவெளியில் ஐஸ் நிரப்பினேன். ஐஸ் முல்லைத்தீவு மீன் லொறியில் வந்தது. உள்ளே ஈரம் கசிந்ததால் பெட்டியைப் பலமுறை பிரித்துச் செய்ய வேண்டியிருந்தது.

பிலிமை இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தேன். மாதக்கணக்கில் காத்திருந்து தபாற்கந்தோருக்குப் போனபோது, பொதியைத் தரத் தபாலதிபர் தயங்கினார்.

"மாஸ்டர், வழியிலை ஆரோ திறந்து பாத்திருக்கினம் போலை."

"வெளிச்சத்திலை திறக்க வேண்டாமெண்டு மேலை எழுதியிருக்குமே!"

"ஓம், எழுதித்தான் கிடக்கு."

உள்ளே கறுப்புத் தாள் பிரிந்து கிடந்தது. எச்சரிக்கைத் துண்டை மட்டும் கிழியாமல் உரித்து, நேராகத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார்கள்.

வீட்டில் கழுவிப் பார்த்தேன். வெளிச்சம் பட்ட பிலிம் முழுக்கக் கறுத்திருந்தது.

"இன்னொருக்கா எடுப்பிப்பமேப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"அதையும் திறப்பாங்கள்" என்றேன்.

அடுத்த வருடம் கல்வித் திணைக்களத்தார் தொலைநோக்கியை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள். கமெராவைத் தூக்கிப் பார்த்த அதிகாரி, "இது என்ன பெட்டி?" என்றார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் லொறியில் ஏறிவிட்டார்.