காப்பு அவிழ்த்த மத்தியானம்

தொண்ணூறுகளில் நாங்கள் ரெம்பியா பக்கம் எஸ்டேட் வீட்டில் இருந்தோம். போதைத் தூள் பழக்கத்துக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரரை மறுவாழ்வு முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். அவர் ஊசியைக் கூட்டாளிகளோடு மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டவர். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஊசியால் நோய் தொற்றியிருக்கிறதா என்று அவருக்கு இன்னொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது என்று சொல்லி, ஒரு பொட்டலம் கொடுத்தார். தன் இரண்டு விரலில் மாட்டியும் காட்டினார்.

இதை ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. தீமிதிக்கு வேண்டிக்கொண்டு கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கையில் இருக்கும்வரை புருஷன் தொடக் கூடாது. அவரும் ஆத்தாளுக்குப் பயந்து தள்ளியே படுத்தார்.

தீ மிதித்து முடிந்தது. பூசாரி கயிற்றை அவிழ்த்துவிட்டார். அன்று மத்தியானமே என் வீட்டுக்காரர் அறைக் கதவைச் சாத்தினார்.

"இனிமே சாமி ஒண்ணும் சொல்லாது லா."

என் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"இதப் போட்டாத்தான்."

"என்னாடி, நான் நோய்க்காரனா? எவன் சொல்லிக் குடுத்தான்?" முக்காலி உதை வாங்கிச் சுவரில் மோதியது.

"யாரும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. நானும் படுத்துட்டா பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போடறது இத?"

மிஸ்ஸி காட்டியபோது நான் வெட்கத்தில் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்றால் தூக்கி எறிந்துவிடுவார்.

"நாளைக்கிக் கேட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீங்க அந்தப் பக்கம் படுங்க."

"காப்ப அவுத்தும் காப்பா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் கிளினிக்குக்குப் போனேன்.

"அன்னிக்கே காட்டுனனே அக்கா?"

"தரையப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன் மிஸ்ஸி."

அவர் சிரித்தார். கதவைச் சாத்திவிட்டு, மறுபடியும் இரண்டு விரலை நீட்டினார். என் முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.