செம்மஞ்சள் மேலங்கி, இலக்கம் ஏழு

2025ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி, சனிக்கிழமை இரவு. இடம்: குரோருட் புறநகருக்கு மேலே, ஏரிக்கரைப் புல்வெளி. இந்தக் குளிர்நாட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வசந்த விழா. பதினான்கு கூடாரங்கள். வெப்பநிலை இரண்டு பாகை. நான் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபத்தொன்று. என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பொய் எழுதியிருக்கிறேன். இது அந்த முறை அன்று.

அந்தப் பொய்யை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரவில் பிள்ளைகளின் கூடாரங்களுக்குக் காவல் உண்டு. ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம். முறை முடிந்தவர் அடுத்தவரின் கூடாரக் கம்பில் இரு தடவை தட்டி, நேரத்தைச் சொல்லி எழுப்ப வேண்டும். காவல் மேலங்கியைக் கழற்றி அவரிடம் கொடுக்க வேண்டும்.

முந்திய ஆண்டு விழாவில் அதிகாலை இரண்டு முதல் நான்கு வரை சங்க உறுப்பினர் மரியகொறற்றியின் முறை. அவருக்குக் காய்ச்சல். நான்கு மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவர், விழாப் பொறுப்பாளர் அருட்பிரகாசம். மரியகொறற்றி மூன்று தடவை வந்து தட்டினார். மூன்று தடவையும் அருட்பிரகாசம் "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டு உறங்கினார். பிள்ளைகளைத் தனியே விட மனமில்லாமல் அந்தப் பெண் ஏழு மணி வரை கதிரையில் இருந்தார். பதினோராம் நாள் நுரையீரல் அழற்சியால் இறந்தார்.

பக்கத்துக் கூடாரத்தில் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் எழும்பவில்லை.

"ரீச்சர், உள்ளதை எழுதினா அடுத்த வருஷம் விழாவுக்கு அனுமதி தரமாட்டாங்கள்," என்றார் அருட்பிரகாசம். அறிக்கையில் நான் எழுதினேன்: 'சரியாக 4.00 மணிக்கு விடுவிக்கப்பட்டார்.'

இவ்வாண்டும் நான்கு மணி முறை அருட்பிரகாசத்துடையதே. அவருக்கு முந்திய முறை, துரொண்ட்ஹைமிலிருந்து இவ்வாண்டுதான் படிக்க வந்த வினோஜாவுடையது. தீயைச் சுற்றி இருந்தபோது அவள் சிரித்தாள்.

"அண்ணை, தட்டினா எழும்புவியளோ, இல்லாட்டி சோத்துக் கிடாரத்தைக் கொண்டந்து அடிக்கவோ?"

"பிள்ளை, நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

"பகிடிக்குத்தானே சொன்னனான். ஏன் அண்ணை முகம் கறுக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். அருட்பிரகாசம் எழுந்து போய்விட்டார்.

இவ்வாண்டும் என் கூடாரம் அருட்பிரகாசத்துடையதற்குப் பக்கத்தில். 3.52க்கு விழித்தேன். வெளியே விடியலின் சாம்பல் வெளிச்சம். கூடாரத் துணியில் உறைபனி. புல்லில் காலடிச் சத்தம்... ஈரமான காலடி.

4.00 மணி.

டக். டக்.

"அண்ணை, எழும்புங்கோ. நாலு மணி."

வினோஜா என்று நினைத்தேன். ஆனால் வினோஜாவின் குரல் மெல்லியது. இது கரகரத்த குரல். பின்னால் ஓர் இருமல்.

"ஓம், வாறன்."

டக். டக்.

"அண்ணை, நாலு மணி."

"ஓம்... வாறன்."

மூன்றாம் தடவை தட்டவில்லை. அவருடைய கூடாரத்தின் ஜிப் திறக்கும் சத்தம்... மெதுவாக... மேலிருந்து கீழே.

நான் இடுக்கால் பார்த்தேன். அருட்பிரகாசம் காலுறையோடு புல்லில் நின்றார். அவருக்கு முன்னால் முதுகைக் காட்டியபடி ஒருத்தி. செம்மஞ்சள் மேலங்கி.

இவ்வாண்டு மேலங்கிகள் பச்சை.

அவள் அதைக் கழற்றினாள். குழந்தைக்கு உடுத்துவது போல அவருக்குப் போட்டாள். கழுத்து வரை பூட்டினாள்.

"விடும்... பிள்ளை, விடும்..."

கதிரையில் இருத்தினாள்.

பிறகு காலடி என் பக்கம் திரும்பியது.

ஈரமாக...

டக். டக்.

"ரீச்சர்."

மூச்சை அடக்கினேன்.

"நேரத்தைச் சரியா எழுதுங்கோ."

இருமல்.

பிறகு ஒன்றுமில்லை.

ஏழு மணி வரை என்னால் அசைய முடியவில்லை. ஏழுக்கு வெளியே வந்தேன். அருட்பிரகாசம் கதிரையில் இருந்தார். உயிர் இருந்தது. உதடுகள் நீலம். பேச்சு இல்லை. செம்மஞ்சள் மேலங்கி நனைந்து, களிமண் அப்பியிருந்தது. கழுத்துப் பட்டியைத் திருப்பினேன். 'இல. 7'. என் கையெழுத்து. முந்திய ஆண்டு நானே மையால் எழுதியது.

வினோஜா அழுதாள். "நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கேக்கை ஒரு அன்ரி வந்தவ, ரீச்சர். 'நீர் போய்ப் படும், பிள்ளை. அண்ணையை நான் எழுப்புறன்' எண்டவ. நல்லாக் குளிருது போல, நடுங்கினவ."

அவள் மரியகொறற்றியைக் கண்டதே இல்லை.

அன்று மாலை மரியகொறற்றியின் கணவர் ஜெயரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்து, அந்த மேலங்கி எங்கே என்று கேட்டேன். 

"ஏன் இப்ப கேக்கிறியள்? அவ கடைசி வரைக்கும் குளிருது, குளிருது எண்டவ. கழட்ட விடேல்லை. அதோடைதான் பெட்டியை மூடித் தாட்டனாங்கள்."

அருட்பிரகாசம் மே 22ஆம் திகதி இறந்தார். நுரையீரல் அழற்சி. பதினோராம் நாள்.

மே 25ஆம் திகதி ட்வெய்ட்டாவில் செயற்குழு கூடியது. இனி விழாவில் இரவுத் தங்கல் இல்லை என்று தீர்மானிக்கப்பட்டது. பழைய அறிக்கையை எல்லோர் முன்னிலையிலும் நானே வாசித்து, 4.00 என்பதை வெட்டி 7.00 என்று எழுதிக் கையொப்பமிட்டேன். செயலாளர் பதவியிலிருந்து விலகினேன். மேலங்கியை ஜெயரத்தினம் வாங்க மறுத்தார். அது என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. புருசெத்தில், என் வீட்டுக் கதவின் பின்னால் தொங்குகிறது.

இன்னும் காயவில்லை.